மானியம் பெறுவோர் யார்?

நெற்செய்கைக்கான பசளை மானியம் இந்நாட்டில் 1962 ஆம் ஆண்டிலிருந்து ஏதோ ஒரு வடிவில் வழங்கப்பட்டு வருகின்றது. ஆட்சிகள் மாறும் போது அதன் வடிவமும் மாறியுள்ளது. 2005 ஆம் ஆண்டின் பின்னர் 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2016 இல் மூடைக்குப் பதிலாகக் காசு வழங்கப்பட்டது. பின்னர் மீண்டும் மூடை வந்தது. 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியே தடை செய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டின் இறுதிக்குள் அத்தடை கைவிடப்பட்டது. 2024 செப்டெம்பரில், ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்த மானியம் 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

தொகை எவ்வளவு என்பது பற்றி நாட்டில் பேசப்பட்ட அளவுக்கு, அது யாருடைய கையில் சேர்கின்றது என்பது பற்றிப் பேசப்படவில்லை. கமநல சேவை நிலையத்திலிருந்து மூடை ஏற்றிச் செல்லப்படும் போது ஊரே அதனைக் காணும். வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்படும் பணத்தையோ எவரும் காண்பதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் இதன் தாக்கம் பெரிது. வயல் ஒருவரின் பெயரில் இருக்க, அதனைக் குத்தகைக்கு எடுத்து விதைப்பவர் வேறொருவராக இருப்பது இங்கு வழமை. போரினால் இடம்பெயர்ந்து, காணிப் பத்திரங்களைத் தொலைத்தவர்களும் பலர். பதிவேட்டில் உள்ள பெயருக்கே பணம் செல்லுமாயின், சேற்றில் இறங்கியவர் வெறுங்கையுடன் நிற்க நேரிடும்.

ஐரோப்பாவும் இக்கேள்வியை எதிர்கொண்டது. ஐக்கிய இராச்சியத்தில் 2005 ஆம் ஆண்டு விவசாய மானியம் பெற்றோரின் விபரங்கள் வெளியிடப்பட்ட போது, அரச குடும்பத்தின் பண்ணையும் பாரிய சீனிக் கம்பனியும் அதில் இடம்பெற்றிருந்தன. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் அனைத்து உறுப்பு நாடுகளும் பெயர்களை வெளியிட வேண்டுமென விதித்தது. ஜேர்மனிய விவசாயிகள் தொடுத்த வழக்கில், தனிநபர்களின் விபரங்களை வேறுபாடின்றி வெளியிடுவது அந்தரங்க உரிமையை மீறுவதாக 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் விடயம் அத்துடன் முடியவில்லை. 2013 இல் இயற்றப்பட்ட புதிய விதி பெயர் வெளியீட்டை மீண்டும் கொண்டுவந்து, சிறுதொகை பெறுவோரின் பெயர்களுக்கு மாத்திரம் விலக்களித்தது.

இங்கும் அதற்கான சட்ட அடிப்படை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனிப்பட்ட தகவல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கின்ற போதிலும், பொதுநலன் மேலோங்கும் இடத்தில் அவற்றையும் வெளியிட இடமளிக்கின்றது. ஆனால் எழுத்தறிவும் அவகாசமும் குறைந்த ஏழை விவசாயி விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஒவ்வொரு பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும், பெற்றவரின் பெயர், வயற்கண்டம், ஏக்கர் அளவு, தொகை ஆகியவற்றைக் கமநல சேவை நிலையத்தின் அறிவித்தற் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் காட்சிப்படுத்துவதே போதுமானது. அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் அதில் இடம்பெறத் தேவையில்லை. விதைக்காத வயலுக்குப் பணம் சென்றிருந்தால் அதனை முதலில் அறிபவர் அடுத்த வரம்பில் நிற்கும் விவசாயியே. பட்டியலுடன், ஆட்சேபம் தெரிவிப்பதற்குப் போதிய அவகாசமும் வழங்கப்பட வேண்டும்.

மானியம் எவரும் இடும் பிச்சையல்ல. அது மக்களின் வரிப்பணம். அது சென்றடையும் இடத்தை அறிவது மக்களின் உரிமை என்பதைச் சம்பந்தப்பட்டோர் உணர்ந்து செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.