இருதய நோய்: இடுப்புச் சுற்றளவும் ஒரு எச்சரிக்கை

வட லண்டனின் ஆர்ச்வே பகுதியில் விட்டிங்டன் மருத்துவமனை உள்ளது. அங்கிருந்து ஹைகேட் நோக்கிச் செல்லும் ஆர்ச்வே வீதியில் முருகன் ஆலயம் அமைந்திருக்கிறது. அவ்வாலயத்தில் கூடும் தமிழர்களுக்கு மாரடைப்பு முதுமையின் நோய் மாத்திரம் அல்ல.

52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளின்படி, இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பின் சராசரி வயது 53. ஏனைய நாடுகளில் சுமார் 59. பரம்பரையின் மீது பழி போடுவோர் பலர். ஆனால் புகைத்தல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன் உட்பட, பெரும்பாலும் மாற்றக்கூடிய 9 காரணிகளே ஆபத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என 2004இல் அந்த ஆய்வு காட்டியது.

மெலிந்த தோற்றமுடைய தெற்காசியரிடமும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. இதனால் இன்சுலினின் செயற்பாடு குன்றுகிறது. நீரிழிவும் இரத்தக் குழாய் அடைப்பும் முன்கூட்டியே தோன்றுகின்றன. எனவேதான் ஐரோப்பிய ஆண்களுக்கு 94 சென்டிமீட்டராக உள்ள இடுப்புச் சுற்றளவு எல்லை, தெற்காசிய ஆண்களுக்கு 90 ஆகவும் பெண்களுக்கு 80 ஆகவும் வகுக்கப்பட்டுள்ளது. எடை பார்க்கும் இயந்திரம் இதைக் காட்டாது.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானோரில், ஏற்கெனவே இருதய நோய் போன்றவை இல்லாதவர்களுக்கு, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை வழங்கும் திட்டம் 2009இல் தொடங்கியது. அதில் பயன்படும் கியூரிஸ்க் கணிப்பு முறை இனப் பின்னணியையும் கருத்தில் கொள்கிறது. இலங்கைத் தமிழருக்கு அதில் தனிப் பிரிவு இல்லை. "ஏனைய ஆசியர்" என்பதே அவர்களுக்குரிய இடம். இனம் குறிப்பிடப்படாவிட்டால், வெள்ளையருக்கான கணிப்பே அவர்களுக்கும் பொருத்தப்படும்.