படிக்கல்

மண் தரையும் கல் தரையும் ஒரே வீட்டில் அடுத்தடுத்து அமையுமானால், கொத்தன் என்ன செய்வான்? இரண்டையும் நேருக்கு நேர் முட்டவிட மாட்டான். மண் நாளடைவில் அமிழும், மழைக்காலத்தில் உப்பும். கல்லோ அசையாது. முட்டவிட்டால் பிளவு காணும். பிளவில் நீர் இறங்கும், கறையான் ஏறும். ஆகவே, இடையிலே ஒரு கல்லையோ, மரத்தாலான நிலைப்படியையோ பதிப்பான். மண் ஒருபுறம் வந்து நிற்கும், கல் மறுபுறம் வந்து நிற்கும். உயரம் வேறுபட்டால் அந்தப் படியே ஏறவும் இறங்கவும் பயன்படும். முற்றம் தாழ்ந்திருப்பது மழைநீர் கூடத்துக்குள் புகாமலிருக்க. திண்ணை உயர்ந்திருப்பது தெருவெள்ளம் ஏறாமலிருக்க. எல்லாம் தண்ணீர் கற்றுத் தந்த பாடம்.

ஆனால் தோழர்களே, தண்ணீருக்காக உயர்த்திய தரையைக் கொண்டு மனிதனின் தகுதியை அளந்தனரே, அதை என்னென்பது! திண்ணையில் அமரத் தக்கவன் ஒருவன். தெருவிலேயே நிற்க வேண்டியவன் ஒருவன். கூடம்வரை வரலாம், அடுக்களைப் படியைத் தாண்டலாகாது இன்னொருவன். சேரிக் குடிசையில் சாணம் மெழுகிய தரைக்கும் தெருவுக்கும் உயர வேறுபாடே இராது. மழை பெய்தால் தெருவே வீட்டுக்குள் வரும். உயர்ந்த தரை எவனுக்கு மிகவும் தேவையோ, அவனுக்கு அது கிட்டவில்லை.

இந்த அளவுகோல் கல்லிலே சமைந்து நிற்பதைக் காண, கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர் செல்வோம். அங்குள்ள திருத்தொண்டீச்சரத்தைக் கற்றளியாக எடுப்பித்தவன், பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன். 949-இல் தக்கோலப் போரில், யானைமீதிருந்தபடியே மாண்டானே, அவன்தான். சைவக் கோயில்களில் மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று ஒவ்வொரு வாயிலிலும் ஒரு படி உண்டு. திருமுழுக்கு நீர் மண்டபத்துப் பக்கம் பாயாமல் கோமுகை வழியே வெளியேற வேண்டும். கருவறைப் படிக்குக் கட்டடக்கலை கூறும் காரணம் அவ்வளவே. ஆகமம் பேசுவோர் கூறும் காரணமோ வேறு: பிறப்பு!

இதே ஊரில் பிறந்தவர்தான் சுந்தரர். ஆதிசைவ அந்தணர் வீட்டுப் பிள்ளை. தெருவில் சிறுதேர் உருட்டிய அவரை நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் கண்டு, கேட்டு வாங்கி, அரண்மனையில் வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். அவர் மணந்த பரவையார் கணிகையர் குலம்; சங்கிலியார் வேளாளர் குலம். சங்கிலியாரை மணந்ததால் பரவையார் ஊடினார். அந்த ஊடலைத் தீர்க்கச் சிவனே இரவில் திருவாரூர்த் தெருவில் தூது நடந்தாராம், அதுவும் ஒருமுறைக்கு இருமுறை. முதல்முறை எந்த வேடத்தில் தெரியுமோ? தமக்குப் பூசை செய்யும் அர்ச்சகர் வேடத்தில்!

கதைதான்; நாம் நம்பவில்லை. நம்புகிறவர்களைத்தான் கேட்கிறோம்: கணிகையர் வீட்டு வாயிற்படியை உங்கள் கடவுள் தாண்டியபோது கெடாத ஆகமம், அந்தக் கடவுளின் வாயிற்படியை வேறு சாதியான் தாண்டினால் மட்டும் எப்படிக் கெடும்?

வெளிவாயிற்படி 1939 சூலை 8-இல் மதுரையில் வைத்தியநாத ஐயர் முயற்சியால் திறந்தது. 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது. உள்வாயிற்படிக்காகப் பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தார். 1970 இறுதியில் கலைஞர் அரசு பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அவ்வொழிப்பை ஏற்றது. ஆனால் ஆகமத்தை மீறலாகாது என்று கூறி, ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே பெரியார் மறைந்தார். 2006-இல் மீண்டும் ஆணை, பயிற்சிப் பள்ளிகள், மீண்டும் வழக்கு.

2021 ஆகசுடு 14 அன்று, பள்ளிகளில் பயின்ற பல சாதி இளைஞர் 24 பேர் அர்ச்சகர் பணி ஆணை பெற்றனர். 2023-இல் மூன்று பெண்களும் அந்தப் பயிற்சியை முடித்தனர்.