ஒத்தசையும் உடல்கள்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

பேச்சால் மனநோய் தீர்க்கும் முறையை வகுத்த வியன்னா அறிஞர் சிக்மண்ட் பிராய்டு, நோயாளியைச் சாய்மஞ்சத்தில் படுக்கவைத்து, அவர் கண்ணிற்படாமல் தலைப்பக்கம் அமர்ந்து கேட்டார். உடலசைவுக்கு அங்கு வேலை குறைவு. மருத்துவரும் நோயாளியும் எதிரெதிரே அமரும் வழக்கம் பரவிய பின்னரே, பேச்சு நடக்கும்போது இருவர் உடல்களும் என்ன செய்கின்றன என்ற வினா வலுப்பெற்றது.

1955ஆம் ஆண்டில் காலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆய்வு நடுவத்தில் மனமருத்துவ அம்மையார் பிரீடா பிராம்-ரைக்மன், மொழிநூலார் நார்மன் மெக்குவோன், சார்லஸ் ஆக்கெட் ஆகியோர் கூடினர். நோயாளியின் உள்ளத்தை மருத்துவர் சொல்லாமலே உணர்வது எவ்வாறு என்பதே அம்மையாரின் வினா. கிரெகரி பேட்சன் எடுத்த ஒரு நேர்காணற் படத்தை அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். உடலசைவை எழுத்திற் குறிக்கும் வழியை ரே பேர்ட்விசில் வகுத்துத் தந்தார். அம்மையார் 1957இல் மறைந்தார். அந்நெடிய ஆய்வு நூலாக அச்சேறவேயில்லை. 1971இல் நுண்படச் சுருளாகச் சிக்காகோப் பல்கலைக்கழக நூலகம் சேர்ந்தது. இத்துறைக்கு வாய்த்த பேரிழப்புகளுள் இஃதொன்று எனலாம்.

1964இல் ஆல்பர்ட் ஷெப்லன், பேசுவோர் ஒருவர் இருக்கும் நிலையை மற்றவரும் கொள்வதை எடுத்துக்காட்டினார். பிட்ஸ்பர்க் நகரில் வில்லியம் கான்டன் இன்னும் நுட்பமாகச் சென்றார். நான்கரை நொடிப் படத்துண்டு ஒன்றை ஒன்றரை ஆண்டுக் காலம் திரும்பத் திரும்பக் கண்டார் என்பர். பேசுபவர் ஓர் ஒலியிலிருந்து மற்றோர் ஒலிக்கு மாறும் கணத்திலேயே கேட்பவர் உடலும் திசைமாறுகிறது என்பது அவர் முடிபு. ஒருவர் கையை உயர்த்த மற்றவரும் கையை உயர்த்துவதன்று. மாற்றத்தின் காலம் ஒன்றாதலே அவர் கண்டது. 1966இல் ஆக்ஸ்டனுடன் சேர்ந்து இதனை வெளியிட்டார்.

ஆனால் கண் கண்டது உண்மைதானா? ஓயாது அசையும் இரு உடல்களில் சில அசைவுகள் தற்செயலாகவே ஒன்றுபடும். 1978இல் ஜோசப் மக்டவல் ஒரு குழு உரையாடற் படத்தை அளந்து, தற்செயலுக்கு மேற்பட்ட ஒற்றுமை ஏறக்குறைய இல்லை என்றார். இத்துறை கட்டிய வீடு ஆட்டங்கண்டது.

மீட்டது ஓர் எளிய உத்தி. 1988இல் பிராங்க் பெர்னியேரியும் துணைவரும், தாயும் சேயும் விளையாடும் படங்களில், ஒரு தாயை வேறொரு தாயின் குழந்தையோடு பொய்யாக இணைத்துக் காட்டினர். பொய்யிணையில் தோன்றும் ஒற்றுமை தற்செயலின் அளவு. மெய்யிணை அதனை விஞ்சினால் விஞ்சியதே உண்மை. ஐயுற்றவர் வினாவையே அளவுகோலாக்கிய திறம் இது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ராம்சேயர், சாக்கர் இருவரும் இவ்வுத்தியை மருத்துவ அறைக்குக் கொணர்ந்தனர். அசையாத படக்கருவி, அடுத்தடுத்த படங்களில் ஒவ்வொரு புள்ளியின் ஒளி மாற்றத்தையும் கணிப்பொறி எண்ணும். 70 நோயாளிகளின் 104 அமர்வுகளை இவ்வாறு அளந்தனர். ஒவ்வோர் அமர்வின் துண்டுகளையும் இடம்மாற்றிக் கலைத்துப் பொய்யமர்வுகளும் செய்தனர். மெய்யமர்வுகளில் ஒத்தசைவு மிகுந்திருந்தது. மருத்துவருடன் உறவு நன்றாயிருந்ததென நோயாளிகள் மதிப்பிட்ட அமர்வுகளில் மேலும் மிகுந்திருந்தது. 2011இல் இது வெளிவந்தது. ஒத்தசைவால் உறவு வளர்ந்ததா, உறவால் ஒத்தசைவு வளர்ந்ததா என்பதை இவ்வளவீடு காட்டாது.

ஒத்தசைவு மிக மிக நலமும் மிகும் என எண்ணுவார்க்கு 2018இல் செர்மனியின் டிரியர் நகரிலிருந்து வேறு விடை வந்தது. சிகிச்சையை இடையில் விட்டுச் சென்றோரிடம் தொடக்கத்தில் ஒத்தசைவு மிகக் குறைவு. நலம் பெற்றோர் நடுவில் நின்றனர். மிகுதியாக ஒத்தசைந்தோரோ, இறுதிவரை வந்தும் நலம் காணாதவரே.