தொண்டமானும் ஊவாத் தோட்டங்களும்

1999 அக்டோபர் 30 அன்று கொழும்பில் மலையகத் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் காலமானார் என்ற செய்தி இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளைத் தோட்டங்களை எட்டியபோது, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த பெற்றோருக்குப் பிறந்து, அவர் காலத்திலேயே வாக்குரிமை பெற்ற ஒரு தலைமுறை தன் தலைவரை இழந்தது. அதே அக்டோபர் 30இல்தான், 1964ஆம் ஆண்டில், இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகைசெய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. யாருடைய சம்மதத்தையும் கேளாமல் ஜனங்களைப் பங்கிட்ட அந்த அநீதியைத் தொண்டமான் இறுதிவரை ஏற்கவில்லை.

1978 முதல் மரணம்வரை, இரு பெருங்கட்சிகளின் ஆட்சியிலும் அவர் மந்திரியாக இருந்ததைச் சந்தர்ப்பவாதம் என்பார் உண்டு. ஆனால் 1984இல் வேலைநிறுத்தத்தால் ஆண், பெண் இருபாலார்க்கும் சமச் சம்பளம் வாங்கித் தந்ததும், 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனை இயக்கத்தால் நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க அரசாங்கத்தை இணங்க வைத்ததும் மந்திரிப் பதவியில் இருந்துகொண்டே அவர் சாதித்தவை. அவற்றை எண்ணும்போது அக்குற்றச்சாட்டு எனக்கு அற்பமாகவே தோன்றுகிறது.

நிலமும் வீடும் வேறு கதை. பிரஜைகளான பின்னும் ஊவாத் தொழிலாளர் வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வரிசைக் குடியிருப்புகளான லயன் அறைகளிலேயே வசித்தனர். நிலமும் வீடும் பெற்றுத் தருவதே தொண்டமான் செய்து முடிக்காத பெரும்பணி. எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை அளித்தது; லயன் வாழ்க்கையோ முடியவில்லை. 2014 அக்டோபர் 29 அன்று, அவருடைய பதினைந்தாம் நினைவு தினத்துக்கு முதல்நாள், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது.