அமெச்சூர்: ஆசையில் பிறந்த சொல்

நாடகம் பார்த்துவிட்டு வருகிறவர் "ஒரே அமெச்சூர்த்தனம்" என்று உதட்டைப் பிதுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்லின் மேல் இரக்கம் வரும். அது பிறந்த வீடே வேறு. லத்தீனில் 'அமாரே' என்றால் நேசிப்பது; 'அமாட்டோர்' நேசிப்பவர். பிரெஞ்சு வழியாக 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும், ஓவியத்தையோ இசையையோ காசுக்கு அல்லாமல் ஆசைக்குப் பழகுகிறவர் என்றுதான் பொருள்.

அது கெட்டது தேம்ஸ் நதிக்கரையில். ஹென்லி படகுப் போட்டியை நடத்தியவர்கள் 1879-இல் அமெச்சூர் யார் என்று விதி எழுதினார்கள். பணத்துக்குத் துடுப்புப் போட்டவர் கூடாது என்பதோடு நிற்கவில்லை. கைத்தொழில் செய்கிறவர், கூலி வேலைக்குப் போகிறவர் எவருமே அமெச்சூர் இல்லை என்றார்கள். அமெரிக்கப் படகோட்டி ஜான் கெல்லி கொத்தனார் வேலை பார்த்தவர். 1920-இல் அவருடைய விண்ணப்பத்தை ஹென்லி தள்ளிவிட்டது. அவருடைய கிளப்பின் மேல் பழைய தடை ஒன்று இருந்தது உண்மைதான். செங்கல் அடுக்கிய கையும் ஒரு காரணம். அந்தக் கோடையிலேயே ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், அந்த ஆண்டு ஹென்லியில் ஜெயித்த ஜாக் பெரஸ்ஃபோர்டை ஒரே ஒரு விநாடியில் முந்தித் தங்கம் வாங்கினார். 1947-இல் கெல்லியின் மகன் அதே ஹென்லியில் கோப்பையைத் தூக்கினார். உடலுழைப்பைப் பழித்த அந்த வரிகளை அதற்குப் பத்து வருஷம் முன்புதான் எடுத்திருந்தார்கள்.

கிரிக்கெட்டில் இந்தச் சுவர் இன்னும் நுணுக்கமானது. இங்கிலாந்து ஸ்கோர் கார்டில் அமெச்சூருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், சம்பளக்காரருக்குப் பின்னால். ஒருமுறை லார்ட்ஸ் மைதானத்தில் சம்பள ஆட்டக்காரரான ஃபிரெட் டிட்மஸுக்கு அது முன்னால் அச்சாகிவிட, ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்கள். ஒரு மனிதரின் இடத்தை இரண்டு எழுத்தை வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். 1962-இல்தான் அந்தப் பாகுபாடு ஒழிந்தது.

சென்னைக்கும் அந்தச் சொல் வந்தது. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபாவில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூலி வாங்காமல் மேடையேறினார்கள். நாடகத்துக்கு மரியாதை சேர்ந்தது. அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நடித்துப் பிழைத்தவரோ 'கூத்தாடி'யாகவே இருந்தார். விடிய விடியப் பாடி, கட்டிப்போன தொண்டையோடு அடுத்த ஊருக்கு வண்டி ஏறிய அவருக்கும் அந்த லத்தீன் சொல் அப்படியே பொருந்தும்.