இந்தியாவில் ஓங்கில் காட்சியகத் தடை

டால்பின் எனப் பரவலாக அறியப்படும் ஓங்கில்களைத் தொட்டியில் அடைத்து வேடிக்கை காட்டும் காட்சியகங்களுக்கு இந்தியாவில் 2013 மே 17 அன்று தடை விதிக்கப்பட்டது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையின் வழியாக இத்தடை நடைமுறைக்கு வந்தது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வெளியான 'தி கோவ்' என்னும் அமெரிக்க ஆவணப்படம், ஓங்கில் வேட்டைக்கும் காட்சியகங்களுக்கும் இடையிலான தொடர்பை உலகறியச் செய்திருந்தது.

சென்னை அனுபவம்

1998 ஆம் ஆண்டு சென்னைக்கு அருகே 'டால்பின் சிட்டி' என்னும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து ஓங்கில்கள் கொண்டுவரப்பட்டன. சில மாதங்களுக்குள் அவை அனைத்தும் இறந்தன. ஓங்கில் மீன் அன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. கூட்டமாக வாழ்வது, ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு வழியையும் இரையையும் அறிவது. நாள்தோறும் பல கிலோமீட்டர் நீந்தும் அவ்விலங்குக்குச் சிமெண்டுத் தொட்டி சிறைக்கு ஒப்பானது.

தி கோவ்

2009 இல் வெளியான இப்படத்தை லூயி சிஹோயோஸ் இயக்கினார். இதன் மையமாக இருப்பவர் ரிக் ஓ'பாரி. 1960களில் புகழ்பெற்ற 'ஃபிளிப்பர்' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு ஓங்கில்களைப் பழக்கியவர் இவரே. அத்தொடரில் நடித்த கேத்தி என்னும் ஓங்கில் தம் கைகளிலேயே இறந்தது இவருடைய மனத்தை மாற்றியது. 1970 முதல் ஓங்கில்களைச் சிறைவைப்பதற்கு எதிராகப் போராடத் தொடங்கினார். ஓங்கிலின் முகத்தில் காணும் புன்னகை அதன் தாடை அமைப்பே அன்றி மகிழ்ச்சியின் அடையாளம் அன்று என்பதை இவர் தொடர்ந்து வலியுறுத்தி வந்தார்.

ஜப்பானின் வகயாமா மாகாணத்தில் உள்ள தைஜி என்னும் சிற்றூரே படத்தின் களம். அங்கு ஆண்டுதோறும் செப்டம்பரில் வேட்டைக் காலம் தொடங்கும். மீனவர்கள் படகுகளை வரிசையாக நிறுத்தி, நீரில் இறக்கிய உலோகக் குழாய்களைத் தட்டி ஒலி எழுப்புவர். அவ்வொலிக்கு அஞ்சிய ஓங்கில்கள் கரையோரக் குடாவுக்குள் ஒதுங்கும். உடனே வலையிட்டு வாயிலை அடைத்துவிடுவர். காட்சியகங்களுக்கு ஏற்றவை உயிருடன் விற்கப்படும். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை இறைச்சிக்காகக் கொல்லப்படும். கொல்லும் இடத்தை வெளியார் பார்க்க இயலாததால், படக்குழுவினர் இரவில் சென்று செயற்கைப் பாறைகளுக்குள் ஒளிப்படக் கருவிகளை மறைத்துவைத்துப் பதிவு செய்தனர்.

இறைச்சிக்கு விற்கும் ஓங்கிலைவிட உயிருடன் விற்கும் ஓங்கிலுக்குப் பன்மடங்கு விலை கிடைக்கிறது என்பது படம் முன்வைத்த முக்கியச் செய்தியாகும். எங்கோ ஒரு நகரில் குழந்தைகள் கைதட்டி மகிழும் காட்சிக்கும் தைஜியின் குருதி படிந்த நீருக்கும் உள்ள தொடர்பு இதனால் வெளிப்பட்டது. 2010 மார்ச் மாதம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது இதற்குக் கிடைத்தது. ஜப்பானில் எதிர்ப்பும் எழுந்தது. திமிங்கில வேட்டை தங்கள் ஊரின் நெடுங்கால மரபு என்றும், ஆடுமாடுகளை உண்போர் இதைக் குறைகூறுவது முறையன்று என்றும் தைஜி மக்கள் வாதிட்டனர். மரபு என்னும் வாதம் இறைச்சிக்குப் பொருந்தினாலும், தொலைநாட்டுக் காட்சியகங்களுக்கு உயிருடன் விற்கும் வணிகத்துக்குப் பொருந்துமா என்பது படத்தைப் பார்ப்போருக்கு எழும் கேள்வி.

தடை பிறந்த விதம்

சென்னை அனுபவத்துக்குப் பின்னரும் கொச்சி, நொய்டா உள்ளிட்ட இடங்களில் ஓங்கில் காட்சியகம் அமைக்கும் திட்டங்கள் பேசப்பட்டன. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியக் கடல்களில் ஓங்கில்களைப் பிடிக்க இயலாது. ஆகவே அயல்நாட்டிலிருந்துதான் அவற்றை வாங்க வேண்டியிருக்கும். விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. இந்திய விலங்கு நல வாரியமும் எதிர்ப்புத் தெரிவித்தது. அதன்பின் ஆணையத்தின் சுற்றறிக்கை வெளியானது.

ஓங்கில்கள் 'மனிதரல்லாத நபர்கள்' என இந்தியா அறிவித்துவிட்டதாகப் பல இடங்களில் எழுதப்படுகிறது. இது சரியன்று. அவ்வாறு கருத வேண்டும் என்னும் அறிவியலாளர்களின் கருத்தைச் சுற்றறிக்கை எடுத்துக்காட்டியது. சட்டத்தில் அப்படியொரு தகுதி வழங்கப்படவில்லை. ஓங்கில் காட்சியகத் திட்டங்களுக்கு அனுமதி தரக்கூடாது என மாநில அரசுகளுக்கு அறிவுறுத்தியதே அதன் நடைமுறைப் பயன்.

ஆணையத்தின் அங்கீகாரம் இன்றி நாட்டில் எந்த உயிரியல் பூங்காவும் இயங்க முடியாது. கோயம்புத்தூர் வ.உ.சி. உயிரியல் பூங்கா 2022 இல் அங்கீகாரத்தை இழந்ததும், அங்கிருந்த விலங்குகள் வேறிடங்களுக்கு மாற்றப்படும் நிலை வந்தது. இதிலிருந்து அவ்வாணையத்தின் அதிகாரத்தை அறியலாம்.

பின்விளைவுகள்

2015 இல் உலக உயிரியல் பூங்காக்கள் மற்றும் நீர்வாழ் காட்சியகங்கள் சங்கம், தைஜி வேட்டையை முன்னிட்டு ஜப்பானியச் சங்கத்தின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. அதன்பின் தைஜியில் பிடிக்கப்பட்ட ஓங்கில்களை வாங்குவதில்லை என ஜப்பானியச் சங்கம் முடிவெடுத்தது. ஆயினும் தைஜியில் வேட்டை நின்றுவிடவில்லை. சங்கத்தில் சேராத காட்சியகங்களும் அயல்நாட்டு வணிகர்களும் இருக்கும்வரை சந்தையும் இருக்கும்.

இந்தியாவில் கங்கை ஓங்கில் தேசிய நீர்வாழ் விலங்காக 2009 இல் அறிவிக்கப்பட்டது. 2025 இல் வெளியான முதல் கணக்கெடுப்பின்படி நாட்டின் ஆறுகளில் 6,327 ஓங்கில்கள் உள்ளன. மன்னார் வளைகுடாவிலும் கடல் ஓங்கில்கள் வாழ்கின்றன. தமிழ்நாட்டு மாணவர்கள் ஓங்கிலைக் காண விரும்பினால் தொட்டியை நாட வேண்டியதில்லை, கடலே போதும்.