எரிமலையின் புகையும் உலைகளின் புகையும்

"தட்பவெப்பம் என்றும் மாறிக்கொண்டுதானே வந்திருக்கிறது; அதில் மனிதனுக்குப் பங்கு ஏது?" என வினவுவோர் உளர். வரலாறே இதற்கு விடை பகர்கின்றது.

1815 ஏப்ரலில், இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தகப் புகை வானின் மேலடுக்கிலே பரவி, கதிரொளியைத் தடுத்தது. மறு ஆண்டு மேற்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியும் கோடையை இழந்தன, பயிர்கள் குளிரில் மடிந்தன, பசி பரவிற்று. எனினும், சில ஆண்டுகளில் அத்திரை விலகியது. பழைய வெப்பம் மீண்டது.

மனிதன் விளைத்த மாற்றமோ அவ்வாறு விலகுவதன்று. கரியமில வாயு பெருகின் பூமி சூடேறும் என 1896-இல் சுவீடன் அறிஞர் ஸ்வாந்தே அரேனியஸ் கணக்கிட்டுரைத்தார். 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காயிருந்த அவ்வாயு, இன்று 420-ஐக் கடந்து நிற்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததன் விளைவு இது.

கதிரவனே காரணமாயின், வானின் மேலடுக்கும் சூடேறியிருத்தல் வேண்டும். அதுவோ குளிர்ந்துவருகின்றது, கீழடுக்கு மட்டுமே சூடேறுகின்றது. போர்வைக்குள் வெப்பம் சிறைப்பட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எரிமலையின் செயலுக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லோம். நாம் மூட்டிய உலைக்கு நாமே பொறுப்பு.